மாடித்தோட்டக் காய்கறிச் செடிகளில் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியிலோ கொல்லையிலோ சில தொட்டிகளில் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் கொடி என்று வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் ஐப்பசி மழையையும் மனதில் வைத்துத்தான் பதில்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மாறும்.

இலை மஞ்சளாகிறது. என்ன நோய்? என்ன மருந்து?

வருகிற கேள்விகளில் பாதி இதுதான். பெரும்பாலான நேரம் அது நோயே இல்லை. மஞ்சளாவது எந்த இலை என்று முதலில் பாருங்கள்.

அடியிலைகள் முழுசாக வெளிறி, மேலே இருப்பவை பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, மட்டும் நிரப்பி, உரம் போட மறந்தவர்கள் தொட்டியில் இது நிச்சயம் வரும். கோகோபீட்டில் ஈரம் நிற்குமே தவிரச் சத்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அடியிலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம் பற்றவில்லை. அதே நரம்புப் பச்சை குருத்திலையில் தெரிந்தால் இரும்புச் சத்து. போர்த் தண்ணீரின் காரத்தன்மை அதிகமான வீடுகளில், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை ஓரமும் நுனியும் தீய்ந்தாற்போல் இருந்தால் தண்ணீரில் உப்பு. செடி மொத்தமும் மஞ்சளாகி, விரலை விட்டால் மண் சதசதவென்று இருந்தால் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கும். துளையைக் குத்தி விடுவதுதான் மருந்து.

சத்துக் குறைவு என்றால் இலையின் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி தெரியும், ஒரே மண்ணில் நிற்கும் எல்லாச் செடிகளிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். நோய் அப்படி வராது. ஒரு செடியில் தொடங்கும், ஒரு இலையில் ஒரு பக்கம் மட்டும் புள்ளி விழும், அப்புறம் பரவும். ஒரு வாரம் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த ஒரு வாரம் ஸ்பிரேயர் பக்கம் போகாதீர்கள்.

நோயா, பூச்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். போன் கேமராவை அடிப்பக்கத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். இன்னொரு வழி: வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் குருத்தை நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் நூல் நறுக்கு போல ஊர்ந்தால் இலைப்பேன். தூசி விழுந்து, அந்தத் தூசியே நகர்ந்தால் சிலந்திப் பேன். தட்டும்போதே வெள்ளையாகச் சிறகடித்துக் கிளம்பினால் வெள்ளை ஈ. ஒன்றுமே இல்லாமல் புள்ளி, வளையம், பூஞ்சாணப் படலம் மட்டும் இருந்தால் அப்போது நோய் என்று யோசிக்கலாம்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலை போலத் தெரிகிறது. காயும் வெளுத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. இது மஞ்சள் நரம்புத் தேமல் நோய், வைரஸால் வருவது. வைரஸ் புகுந்த செடியைக் குணமாக்க இன்றைக்கு மருந்து கிடையாது. யூடியூப்பில் என்ன கரைசல் சொன்னாலும் சரி. பத்து இருபது நாள் வயதுச் செடியில் வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் செடியில் கடைசியில் வந்தால், பக்கத்தில் இளஞ்செடி எதுவும் இல்லாத பட்சத்தில், இன்னும் நாலு பறிப்பு எடுத்துக்கொண்டு பிடுங்கலாம். காய் மஞ்சளாக, சீக்கிரம் முற்றிப்போவதாக இருக்கும்.

பரப்புவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. அதனால் முளைத்து வரும் முதல் ஒரு மாதம் மட்டும் ஈயை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் போரில் ஜெயித்த மாதிரி. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். உச்சியில் கட்டி என்ன பயன், ஈ இருப்பது இலை மட்டத்தில். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். பக்கத்துத் தொட்டியில் செம்பருத்தி இருந்தால் அதன் இலையையும் திருப்பிப் பாருங்கள், பல வீடுகளில் கூட்டமே அங்கேதான்.

விதை வாங்கும்போதே இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி இரண்டும் அப்படி வந்தவைதான். அவற்றின் எதிர்ப்புச் சக்தி முன்பு போல முழுசாக நிற்பதில்லை என்பதும் உண்மை, இருந்தாலும் பெயர் தெரியாத விதைக்கு மேல். கோடையில் வெள்ளை ஈ பெருகும் என்பதால் சித்திரையில் விதைத்த வெண்டைக்கு இந்த நோய் அதிகம் வரும். ஆடிப்பட்டத்தில் கொஞ்சம் தப்பிக்கும்.

மிளகாய்ச் செடி சுருண்டு போகிறது. எல்லாம் அடித்துப் பார்த்தாயிற்று. ஏன் கேட்கவில்லை?

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்காமல் அடித்திருப்பீர்கள். மிளகாய்ச் சுருட்டைக்குக் காரணம் மூன்று, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இலை ஓரங்கள் மேல் நோக்கி மடிந்து, படகு போலக் குழிந்து, அடிப்பக்கத்தில் பழுப்பு இழுவைகள் தெரிந்தால் இலைப்பேன். இலை கீழ் நோக்கிக் கவிழ்ந்து, குறுகி, காம்பு மட்டும் நீண்டு, குருத்து கருத்துத் தடித்தாற்போல் நின்றால் அது முரணைச் சிலந்தி, சிலந்திப் பேனில் ஒரு வகை. எட்டுக்கால் இனம், பூச்சி அல்ல. செடியே வளர்ச்சி நின்று, குட்டையாகி, சின்னச் சின்ன இலைகள் கொத்தாக நெருங்கி, தாளில் தட்டினால் ஒன்றும் விழவில்லை என்றால் வைரஸ்.

இதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், சிலந்தி தாக்கிய செடிக்குப் போய் கடையில் கொடுத்த பூச்சி மருந்தை அடிப்பதில்தான். பல பூச்சி மருந்துகள் சிலந்தியைத் தொடாது. சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்களை மட்டும் கொல்லும். அப்புறம் சுருட்டை இரண்டு மடங்காகும். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகப் பொடி), லிட்டருக்கு 2 கிராம், வெயில் சாய்ந்த பிறகு. அக்னி நட்சத்திர வெயிலில் கந்தகம் வேண்டாம், இலை தீய்ந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கும் இரண்டு வாரம் இடைவெளி விட்டே கந்தகம்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய், நீல அட்டை, காலையில் இலை அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது. இலைப்பேனோ சிலந்தியோ, சுருண்ட நுனிகளை நாலு விரல்கடை கிள்ளி எறிந்துவிட்டு அடித்தால் புதுத் துளிர் நேராக வரும். ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், புதுத் துளிரைப் பாருங்கள். புதுத் துளிரும் சுருண்டே வந்தால் வைரஸ்தான், பிடுங்கிவிட வேண்டியதுதான்.

தக்காளி பழுக்கும் முன்பே அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் காய்ந்து குழிந்துவிடுகிறது.

இதுவும் நோய் இல்லை. பூ இருந்த நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டினால் இப்படித்தான் ஆகும். பெரும்பாலான மண்ணில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது, முறையான தண்ணீர்தான் இல்லை. சின்னப் பையில் வளரும் தக்காளிக்கு வெயில் காலத்தில் காலை, மாலை இருவேளையும் அளவாக ஊற்றுங்கள், மேல்மண்ணைச் சருகால் மூடுங்கள். முட்டை ஓட்டுத்தூள் போடலாம், ஆனால் அது கரைய மாதக்கணக்காகும். இந்தக் காய்ப்பைக் காப்பாற்றாது, அடுத்த பயிருக்கு ஆகும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இது அதிகமாகும்.

கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடலாம்.

தக்காளியின் கீழ் இலைகளில் வட்டம் வட்டமாக, வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி?

இலைக்கருகல், பூஞ்சாணம். மண்ணில் இருந்து தண்ணீர் தெறித்து ஏறுகிறது. தரையிலிருந்து ஒரு முழம் வரை உள்ள இலைகளை நறுக்கிவிடுங்கள், மண்ணை மூடுங்கள், இலை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதற்கே பாதி அடங்கும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகம் இந்தக் கருகல், இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல் மூன்றையும் தாங்கும். கலப்பினம் என்பதால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த தடவை அதே குணம் வராது.

நேற்று வரை நன்றாக இருந்த கத்தரி இன்று தொங்கிப்போய் நிற்கிறது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை.

தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா? ஈரம் இருக்கும்போதே தொங்கினால் மேலும் ஊற்றுவது கெடுதல்.

செடி நன்றாக இருந்து நுனி மட்டும் தலை சாய்ந்தால் அது வாடல் நோயே அல்ல, தண்டு துளைப்பான். சாய்ந்த இடத்துக்குக் கீழே சின்ன ஓட்டையும், பழுப்பு எச்சமும் தெரியும். நுனியைக் கிள்ளி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. அந்தப் புழுவோடு நுனியை நசுக்கிப் போடுங்கள், வாரம் இரண்டு தடவை இதைச் செய்தால் மருந்தே தேவைப்படாது.

முழுச் செடியும் பச்சையாகவே, ஒன்றிரண்டு நாளில் மொத்தமாகத் துவண்டால் பாக்டீரியா வாடல். சந்தேகமிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். அடித்தண்டில் ஒரு விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் முங்கும்படி தொங்கவிடுங்கள். அசைக்காமல் சில நிமிடம் பொறுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா. செடியையும் அந்த மண்ணையும் வெளியேற்றுங்கள், அந்தப் பையில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் மறுபடி வேண்டாம். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

மெதுவாக, அடியிலையிலிருந்து ஒரு பக்கமாக மஞ்சளாகி, பிறகு வாடினால் பூஞ்சாண வாடல். தண்டைச் சாய்வாகச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும், தண்ணீரில் இழை இறங்காது.

இன்னொன்று, பகலில் வாடி மாலையில் எழுந்து, வளர்ச்சியும் இல்லாமல் பல வாரம் இழுத்தடிக்கும் செடி. பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும். அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகை வேரிலும் முண்டு உண்டு, அது நல்லது, விரலால் தள்ளினால் தனியாக உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. வேப்பம்புண்ணாக்கும் அடுத்த போகத்துக்குச் செண்டுமல்லியும் இதற்கு நல்ல வழி.

கத்தரியில் வாடல் தொடர்ந்து வருகிறவர்கள் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்கலாம். சுண்டை வேர் வாடலையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும்.

புடலை, பீர்க்கை இலையில் வெள்ளை மாவு தூவினாற்போல் இருக்கிறது.

துடைத்தால் விரலில் ஒட்டும் மாவு, இலையின் மேல்பக்கத்தில் என்றால் சாம்பல் நோய். மார்கழி, தை மாதங்களில் பகல் வெயிலும் இரவு பனியுமாக இருக்கும்போது வரும். மேல்பக்கம் நரம்புக்குள் அடைபட்ட கோணல் மஞ்சள் கட்டங்கள், அதிகாலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை என்றால் அடிச்சாம்பல் நோய். பெயர் ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு, ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

சாம்பல் நோய்க்குப் பால் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, காலை வெயிலில். 1999-ல் பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. முதல் வெள்ளைப் பொட்டு தெரிந்ததும் தொடங்கினால்தான் பயன், இலை முழுக்க வெளுத்த பிறகு பால் வீண். கந்தகமும் கேட்கும், ஆனால் பூசணிக் குடும்பக் கொடிகளில் சில ரகங்கள் கந்தகத்தில் கருகும். இரண்டு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். வெண்டைக்கு வரும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தாராளமாகப் போதும்.

அடிச்சாம்பலுக்குத் தாமிர மருந்து. போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாம். பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காக 1885-ல் வெளிவந்த மருந்து, இன்றும் ஓடுகிறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் அடியில் ஒடிந்து சாய்கிறது.

நாற்றழுகல். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, தண்ணீர் ஊறியது போல இருக்கும். காரணம் பெரும்பாலும் ஆசையில் ஊற்றும் தண்ணீர், நெருக்கி விதைத்தது, நிழல். சாய்ந்ததை விட்டுவிட்டு மீதியைக் காற்றுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த தடவை டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணத்தின் பொடியை விதையோடு புரட்டி விதையுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை.

கத்தரி இலையெல்லாம் பொடிப் பொடியாக, புதர் மாதிரி ஆகிவிட்டது. பூவே இல்லை.

சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புகிறது. குணமாகாது, பிடுங்குங்கள்.

முளைக்கீரை இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம்?

வெண்துரு. மழைக்காலத்தில் வரும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் யாருக்கும் சாப்பிட மனம் வராது. மொத்தமாக அறுத்துவிட்டு வேறு தொட்டியில் இடைவெளி விட்டு விதைப்பது உத்தமம். கீரைக்கு மருந்து அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, இருபத்தைந்து நாளில் தட்டில் வந்து விழுகிற பொருள் அது.

இலைமேல் கரி பூசியது போலக் கறுப்புப் படலம்?

மேலே பாருங்கள். மேல் இலைகளின் அடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்து இனிப்பான கழிவை ஒழுகவிடும், அதில் வளர்வதுதான் இந்தக் கரும்பூஞ்சை. எறும்பு வரிசையாக ஏறுவதே அடையாளம். பூச்சியை ஒழித்தால் கறுப்பு தானே உரியும்.

வேப்பெண்ணெய் எல்லாவற்றுக்கும் கேட்குமா?

கேட்காது. வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் போன்ற சாறுண்ணிகளை அண்டவிடாமல் செய்வதில் கெட்டி, அதன்மூலம் வைரஸ் பரவுவதைக் குறைக்கும். வந்துவிட்ட வாடலையோ வைரஸையோ ஒன்றும் செய்யாது. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதை முதலில் சிறிது காதி சோப்புக் கரைசலில் பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலந்து, பிறகு தண்ணீர் சேருங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் இலை பொசுங்கும். மாலையில் மட்டும் அடியுங்கள்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் இரண்டும் நல்ல ஊட்டம், மருந்தல்ல. புகையிலைக் கரைசலைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. நிகோடின் மனிதருக்கும் நஞ்சு. போதாததற்குப் புகையிலையில் உள்ள தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். வீட்டில் பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர் இருந்தால், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் செடியைத் தொடச் சொல்லுங்கள்.

டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் போட்டேன், பலனில்லையே?

இரண்டும் உயிருள்ளவை. ஒன்று நல்ல பூஞ்சாணம், மற்றது நல்ல பாக்டீரியா. கடை அலமாரியில் வெயில் பட்டு ஒரு வருடம் கிடந்த பாக்கெட்டில் வெறும் மாவுதான் மிச்சம். தேதி பாருங்கள். ஒரு கிலோ மட்கிய தொழுவுரத்துக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, ஈரமாக நிழலில் ஒரு வாரம் வைத்துவிட்டு மண்ணில் சேர்த்தால் பெருகும். சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம், இலையிலும் அடிக்கலாம். இவற்றைப் போட்ட கையோடு தாமிர மருந்தை ஊற்றினால் எல்லாம் செத்துப்போகும். இவை வருமுன் காப்பவை, நட்ட அன்றே போட வேண்டியவை.

கெமிக்கல் அடித்தே ஆக வேண்டும் என்றால்?

டப்பாவில் உள்ள சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு அதிக நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு வரவே கூடாது. அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது டப்பாவிலேயே இருக்கும். தினமும் காய் பறிக்கும் வெண்டைக்கு அந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பது நடக்கிற காரியமில்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வைரஸ் வந்த செடியின் காயைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். செடியின் வைரஸ் மனிதரைத் தாக்காது. ருசிதான் இருக்காது. அழுகிய, பூஞ்சை பிடித்த காய் வேறு விஷயம், அதைத் தூக்கிப் போடுங்கள்.

நோய் வந்த பையின் மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பாக்டீரியா வாடல் தவிர மற்றவற்றுக்கு, வெயிலால் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். சித்திரை, வைகாசியில் மண்ணை மாடியில் கொட்டி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஓரம் முழுக்கக் கல் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரம். கறுப்புத் தாளை விடத் தெளிந்த தாளில்தான் சூடு நன்றாக ஏறும். பிறகு தொழுவுரமும் டிரைக்கோடெர்மாவும் சேர்த்து, கத்தரிக் குடும்பம் இருந்த பையில் கீரையோ கொத்தவரையோ போடுங்கள். நோய்ச் செடியைச் சமையலறைக் கழிவோடு மட்கப் போடாதீர்கள், வீட்டு உரத்தொட்டியில் அந்த அளவு சூடு ஏறாது. பையில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்த்துவிடலாம்.

இவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. யாரிடம் காட்டுவது?

மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் கொண்டுபோய்க் காட்டலாம். போனில் கேட்பதென்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழிலேயே பதில் சொல்வார்கள். முழுசாகக் காய்ந்த செடியை எடுத்துப் போகாதீர்கள், அதில் எல்லாம் அழிந்திருக்கும். நோய் தொடங்கும் நிலையில் உள்ள இலை, நடுநிலையில் உள்ள இலை, ஒரு நல்ல இலை மூன்றையும் ஈரமில்லாமல் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுபோங்கள். வாடல் என்றால் வேரோடும் ஒரு பிடி மண்ணோடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் புழுங்கி அழுகிவிடும். கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், என்ன உரம், என்ன மருந்து என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.